பெறப்படாத மாதிரி

தென்கடலின் அடியில் மணல் இருக்கிறதா, பவளப்பாறை இருக்கிறதா என்பதை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தீர்மானிக்கிறார்கள். கேலிக்காகச் சொல்லவில்லை. ஒரு லேத் பட்டறைக்கும் அட்டைப்பெட்டி ஆலைக்கும் நடுவில், மழை பெய்தால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் தெருவில், மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்த ஆய்வகத்தில்தான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. வாசலில் வண்டி இரும்புக் கம்பி இறக்கும். மாடியில் நாங்கள் கடற்புழு எண்ணிக்கொண்டிருப்போம்.

எங்கள் ஆய்வகப் பணியாளர் சங்க மலருக்கு 'இனிய நினைவுகள்' எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நினைவுகள் தருகிறேன். முன்னால் இருக்கும் அந்தச் சொல்லுக்கு நான் பொறுப்பல்ல.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். கடலில் எண்ணெய்க் கிணறு தோண்ட விரும்பும் நிறுவனம் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வாங்க, தோண்டினால் கடலுக்கு என்ன ஆகும் என்று ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையை எழுதும் ஆலோசனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதும், கட்டணம் கொடுப்பதும் தோண்டப் போகிற நிறுவனமேதான். தேர்வு எழுதுகிறவரே விடைத்தாள் திருத்துகிறவரை நியமித்துச் சம்பளமும் கொடுக்கிற ஏற்பாடு. சட்டப்படி முற்றிலும் சரி. எங்களுடையது அப்படி ஓர் ஆலோசனை நிறுவனம். நான் அதன் ஆய்வகத் தலைவி. பின்னாளில் தர மேலாளரும் நானே.

விலங்கியல் முதுகலை முடித்துவிட்டு வந்தவள். முதல் சில ஆண்டுகள் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் தொழிற்பேட்டைக் கழிவுநீரும் சோதித்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு கடல் வேலை வரத் தொடங்கியது. அதனுடன் 'கிராப்' வந்தது.

கிராப் என்பது இரும்பில் செய்த இரண்டு தாடைகள். திறந்த நிலையில் கயிற்றில் கட்டிப் படகிலிருந்து இறக்குவார்கள். அடியில் தட்டியதும் கொக்கி கழன்றுகொள்ளும். மேலே இழுக்கும்போது தாடைகள் மூடி, ஒரு வாய் மண்ணைக் கவ்விக்கொண்டு வரும். அந்த மண்ணைச் சல்லடையில் கழுவி, மிஞ்சுவதை அழுகாமல் இருக்க ஃபார்மலினில் போட்டு, இளஞ்சிவப்புச் சாயம் கலப்போம். உயிரோடு இருந்தவை மட்டும் நன்றாகச் சிவந்து நிற்கும்: நூல் போன்ற புழுக்கள், அரிசி அளவுச் சிப்பிகள், தூசி என்று நினைத்தால் கால் முளைத்துத் தெரியும் இறால் வகைகள். உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்துப் பெயர் எழுதுவோம். நேர்மையான வேலை. இன்றைக்கும் எனக்கு அதில் குறை கிடையாது.

குறை வேறு இடத்தில் இருந்தது. கிராப் மண்ணைத்தான் அள்ளும். பாறை மேல் விழுந்தால் வெறும் வாயோடு திரும்பும். அப்போது என்ன செய்வது? செயல்முறையில் விடை இருக்கிறது: சில தடவை முயல வேண்டும், கிடைக்காவிட்டால், மண் கிடைக்கும் அருகிலுள்ள இடத்துக்கு நகர்ந்து மாதிரி எடுக்கலாம். உலகம் முழுவதும் அப்படித்தான். மண்ணில் இருக்கும் உயிர்களைப் படிக்கிறவனுக்கு இது நியாயமான விதி. ஆனால் 'கீழே என்ன இருக்கிறது?' என்று கேட்கிறவனுக்கு இந்த விதியைக் கொடுத்தால் என்ன ஆகும்? எந்தக் கடலுக்குப் போனாலும் மணல்தான் இருக்கும்.

இதை எனக்கு முதலில் உறைக்கும்படி சொன்னவர் எங்கள் களப்பணியாளர் ஏழுமலை. வெள்ளானூர்க்காரர். அவருடைய அப்பா அங்கே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். அந்த நிலம் இப்போது மனைகளாகிவிட்டது. ஒருநாள் கிராப்பின் பல் உடைந்து வந்தது. எப்படி என்று கேட்டேன்.

"கல்லு மேல வுட்டா கல்லா வரும், மேடம்? பல்லுதான் போவும்."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"தள்ளிப் போனோம். மண்ணு கெடைக்கிற வரைக்கும் தள்ளிக்கினே போவோம்."

"எவ்வளவு தூரம்?"

"அது டீசல் கீறதப் பொறுத்து."

அன்றே இயக்குநரிடம் போனேன். இயக்குநர் சபேசனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குரலை உயர்த்தாதவர். மேசையில் எப்போதும் சீவிய பென்சில்கள் வரிசையாக இருக்கும். அறிக்கை வந்தால் பென்சிலைக் கையில் எடுப்பார். எதையும் சேர்க்க மாட்டார், நீக்குவார். 'கடலாமைகள் அவ்வப்போது காணப்படுகின்றன' என்ற வாக்கியம் 'ஆய்வுக் காலத்தில் கடலாமைகள் காணப்படவில்லை' என்று ஆகும். அதுவும் உண்மைதான், ஆய்வுக் காலம் என்பது இரண்டு பகற்பொழுது. சபேசன் ஒரு பொய்கூட எழுதியதில்லை. அவரிடம் எனக்கு இருந்த வருத்தமே அதுதான். எழுதியிருந்தால் பிடித்திருக்கலாம்.

"வசந்தாம்மா," என்றார் அன்று, "நம்ம அறிக்கையோட அடியில என்ன அச்சடிச்சிருக்கோம்? நீங்களே வெச்ச வரிதானே?"

எல்லா ஆய்வகங்களும் அச்சடிக்கும் வரி அது: 'இந்த முடிவுகள் பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.'

"அவ்வளவுதான். மண் வந்தது, சோதிச்சோம், சொன்னோம். வராததைப் பத்தி நாம யாரு பேச?"

அந்த வரியை எந்த அதிகாரியும் படித்துப் பார்த்ததில்லை. அட்டவணையைப் படிப்பார்கள். அட்டவணையில் புழு இருக்கும், சிப்பி இருக்கும், பவளம் என்ற கட்டத்தில் கோடு இருக்கும். அதற்கடுத்த பக்கத்தில், 'திட்டப் பகுதி மணற்பாங்கானது' என்று சபேசனின் மென்மையான கையெழுத்து.

இப்படியே போயிருக்கும், அந்தக் கிணறு வராவிட்டால்.

தென்கடலில் ஓர் ஆய்வுக் கிணறு. எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தோண்டுவது. தோண்டும்போது உள்ளிருந்து கல்தூளும் வேதிச்சேறும் கலந்த கசடு வரும். அதைக் கழுவிக் கடலிலேயே கொட்டுவார்கள். மணல் மேல் விழுந்தால் கொஞ்சம் புழுக்கள் சாகும். பவளத்தின் மேல் விழுந்தால் பவளம் மூச்சுத் திணறிச் சாகும், அதை நம்பிய அத்தனையும் போகும். ஆகவே அந்தக் கிணற்றுப் புள்ளியில் கீழே இருப்பது மணலா, பாறையா? மொத்த அனுமதியும் அந்த ஒரு கேள்வியில் நின்றது. எங்கள் அறிக்கை வழக்கம்போல் மணல் என்றது.

அப்போது கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம். கடற்கரையில் பந்தல் போட்டு, அதிகாரி தலைமை தாங்க, நிறுவனம் திட்டத்தை விளக்க, மக்கள் பேச வேண்டும். ஆய்வகத்தின் சார்பில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். பெயர் செல்வமேரி. கடலில் மூழ்கிப் பாசி எடுத்து விற்பவர். கடலடிப் பாறைத் திட்டை அங்கே 'பார்' என்பார்கள்.

"அய்யா, அந்தப் பாருதான் எங்களுக்கு வயலு. கரைப் பக்கத்துல நாங்க பாசி எடுக்கிறோம், ஆழத்துப் பக்கம் ஆம்பளைக மீன் பிடிக்கிறாக. நீங்க ஓட்டையப் போட்டு வார சேத்தை அது மேல கொட்டுனா நாங்க எங்கிட்டுப் போக? எங்க பொழப்புக்கு யாரு பதில் சொல்றது?"

கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பை மக்களுக்குப் புரியும் மொழியில் அங்கேயே வாசிக்க வேண்டும் என்பது விதி. வாசித்தார்கள். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கும் சத்தத்தில் வாசித்தார்கள். செல்வமேரி பேசியது அதில் இப்படி இருந்தது: 'பெண்மணி ஒருவர் வாழ்வாதாரம் குறித்து வினவினார். உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்பில் முன்னுரிமை அளிக்கப்படும் என நிறுவனத்தின் சார்பில் பதிலளிக்கப்பட்டது.' எதிர்க்க வந்தவர் வேலை கேட்டு வந்தவராகிவிட்டார். கையெழுத்து, முத்திரை, எல்லாம் ஒழுங்கு.

அனுமதி வந்தது. செல்வமேரி அதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்தார். சென்னையில் விசாரணை.

ஒரு வாரம் கழித்து ஏழுமலை என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"மேடம், ஒரு மேட்டரு. கேஸ் போட்டுகீதே அந்தம்மா... எங்க ஊட்டு மாடிலதான் கீது."

செல்வமேரியின் மகன் ஆவடிப் பக்கம் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஏழுமலை வெள்ளானூரில் கட்டிய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறான். வழக்குக்கு வரும்போதெல்லாம் அம்மா அங்கேதான் தங்குகிறார்.

"நான் இன்னா மேடம் பண்றது? காலி பண்ணச் சொல்லவா? அந்தம்மா வெக்கிற மீன் கொயம்பு தெருவே மணக்குது. என் பொண்டாட்டி என்னைக் காலி பண்ணிடும்."

நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், அது போதும் என்றேன். எழுதிக் கொடுத்தார். சபேசன் அதைப் படித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். அவரிடம் அதிர்ச்சி என்றால் அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்குப் போக வேண்டிய வேளையும் வந்தது. ஏழுமலையின் மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் என் எதிரே வந்து உட்கார்ந்தவர் செல்வமேரி. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதானே பின்னாடி உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தது?"

"ஆமாம்மா. ஆனா வழக்கு நடக்குது. நான் உங்ககிட்ட வழக்கைப் பத்திப் பேசக் கூடாது."

"பேச வேணாம். கேக்கலாமுல்ல?"

கேட்பதற்கு எந்த விதியும் தடை சொல்லவில்லை. அவர் இலையில் இருந்த அப்பளத்தை உடைத்துக்கொண்டே பேசினார். அந்தப் பாரில் எங்கே பாசி அடர்த்தி, எந்தக் காற்றில் தண்ணீர் தெளியும், கட்டுமரக் காலத்தில் அவர் மாமனார் எந்தக் கோபுரத்தையும் எந்தப் பனையையும் நேர் வைத்து அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார் என்றெல்லாம்.

கடைசியில் கேட்டார்: "கல்லு மேல படகை நிறுத்திக்கிட்டு மணலுன்னு எழுதுறாகளே, அது எப்படிம்மா? குருடுன்னாலும் தட்டுனாத் தெரியுமே?"

எப்படி என்று எனக்குத் தெரியும். பாயசம் வந்தது. குடித்துவிட்டு எழுந்தேன். பூந்தமல்லி வரை பேருந்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அறியாமல் ஒருவன் தவறு செய்தால் திருத்தலாம். எல்லாரும் விதிப்படி நடந்து, எல்லாரும் கையெழுத்திட்டு, கடைசியில் ஒரு பாறையே இல்லாமல் போகிறதென்றால் யாரைப் பிடித்து உலுக்குவது?

இரு தரப்பும் ஒன்றுக்கொன்று மாறாகச் சொன்னதால் தீர்ப்பாயம் ஒரு கூட்டுக் குழு அமைத்தது. குழு நேரில் போய் மாதிரி எடுக்க வேண்டும். அங்கீகாரம் பெற்றது என்பதால் எங்கள் ஆய்வகமே சோதிக்க வேண்டும். மேல்முறையீட்டாளர் உடன் இருக்கலாம். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. என் படிப்பின் மீது இருந்த நம்பிக்கை அது.

படகில் குழுவின் தலைவராக ஓர் அதிகாரி, அரசு ஆய்வு நிலையத்தின் விஞ்ஞானி ஒருவர், நிறுவனத்தின் மேலாளர், சபேசன், ஐஸ் பெட்டியும் அரக்கு முத்திரையுமாக நான், கயிற்றில் ஏழுமலை. முனையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செல்வமேரி. கிணற்றுப் புள்ளிக்கு வந்ததும் கருவியில் இடம் சரிபார்த்தார்கள். கிராப் இறங்கியது. கயிறு ஒரு துள்ளுத் துள்ளியது.

"கல்லு," என்றார் ஏழுமலை, இழுப்பதற்கு முன்பே.

வெறும் வாய் மேலே வந்தது. முற்றிலும் வெறுமையில்லை, பற்களில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

"பாருங்க மேடம், சுண்ணாம்பு ஒட்டிகினு கீது."

பவளத்தின் கூடு சுண்ணாம்பால் ஆனது. விஞ்ஞானி குனிந்து பார்த்தார். கெட்டவர் அல்ல. தன் துறையில் பெயர் பெற்றவர். "அளவு போதாது. மாதிரியாக ஏற்க முடியாது," என்றார். அதுவும் விதி, தாடையில் பாதியளவாவது மண் இல்லாவிட்டால் நிராகரிக்க வேண்டும். "கழுவிட்டு மறுபடி இறக்குங்க."

கழுவுவதும் விதி. ஒரு முயற்சியின் மிச்சம் அடுத்ததில் கலந்துவிடக் கூடாது. ஏழுமலை என்னைப் பார்த்தார். பிறகு கடல்நீரை மொண்டு ஊற்றினார். வெள்ளை ஓடிப்போயிற்று.

"எதுக்குக் கழுவுறாக?" என்று செல்வமேரி என்னைக் கேட்டார்.

இரண்டாவது தடவையும் துள்ளல், மூன்றாவதும். ஒவ்வொரு தடவையும் பல்லில் வெள்ளை, ஒவ்வொரு தடவையும் கழுவல். செல்வமேரி எழுந்து நின்றார்.

"இந்த ஆழம் எனக்கு எட்டாது. ஆனா இதே பாரு அங்கிட்டு மேடாகுது. படகைத் திருப்புங்க. நான் மூழ்கி ஒரு துண்டு எடுத்துட்டு வாரேன்."

நிறுவனத்தின் மேலாளர் பதறிப்போனார். "ஏம்மா, பவளத்தை ஒடச்சு எடுத்தா வனவிலங்குச் சட்டத்துல உள்ள போகணும், தெரியுமா?"

"அப்ப இருக்குன்னு ஒத்துக்கிட்டீக."

ஏழுமலை சிரிப்பை அடக்க முடியாமல் கயிற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பவளமே இல்லாத கடலில் பவளம் எடுத்தால் சிறை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் அந்தச் சொல் வந்தது. சபேசன் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அரசு விஞ்ஞானிதான் சொன்னார், பழக்கத்தில், வேறு யோசனையே இல்லாமல்:

"கொஞ்சம் நகர்ந்து பார்ப்போம்."

நகர்ந்தோம். நகர்ந்துகொண்டே போனோம். முனையில் நின்ற செல்வமேரி, பாரின் விளிம்பு தாண்டியதும், "இதான் மணலு, இங்கன இறக்குங்க, வரும்," என்றார். இறக்கினார்கள். கிராப் நிறைய அழகான மண் வந்தது. விஞ்ஞானியின் முகம் மலர்ந்தது.

"வெறுமையாக வந்த இடங்களையும் குறிப்பில் எழுத வேண்டும்," என்றேன் அவரிடம்.

"மேடம், உங்களுக்குத் தெரியாததா? படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே. மாதிரி எடுத்த இடம்தான் கேட்டிருக்காங்க."

யாரும் இவரை விலைக்கு வாங்கவில்லை. இவரை வாங்கத் தேவையே இல்லை. நிறுவனத்தின் ஆலோசகர் மணல் என்றார். சுதந்திரமான குழுவும் அதே கருவியை அதே முறையில் இறக்கி மணல் என்றது. இரண்டு ஆய்வுகள் ஒத்துப்போகின்றன! அறிவியலில் இதைவிடப் பெரிய சான்று எது? கடல் நடுவில் நின்றுகொண்டு வாய்விட்டுத் திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டுவதற்கு ஆளில்லை, விதிதான் இருந்தது.

ஆனால் விதிப் புத்தகத்தில் எனக்குத் தெரியாத பக்கம் கிடையாது.

அம்பத்தூர் திரும்பியதும் மண்ணைச் சலித்தோம், சாயமிட்டோம், எண்ணினோம். அறிக்கையுடன் நான் ஒரு பக்கம் சேர்த்தேன்: மாதிரி எடுக்க முயன்று கிடைக்காத புள்ளிகள், அவற்றின் இருப்பிடம், ஒவ்வொன்றிலும் கிராப்பின் நிலை. சபேசன் என்னைக் கூப்பிட்டார். பென்சில் கையில் இருந்தது.

"வசந்தாம்மா, பெறப்பட்ட மாதிரிக்கு மட்டும்தான் நாம பொறுப்பு. உங்க வரி. பெறப்படாத மாதிரிக்கு எந்த விதியில அறிக்கை கொடுக்கிறீங்க?"

"இது மாதிரியோட அறிக்கை இல்ல சார். விலகல் குறிப்பு. மாதிரித் திட்டத்துல எந்தப் புள்ளின்னு எழுதியிருக்கோமோ அதைவிட்டு வேற எங்கயாவது எடுத்தா, விலகினதையும் காரணத்தையும் அறிக்கையில சொல்லியாகணும். நம்ம அங்கீகாரத்துக்கு அடிப்படையான தர விதி. அதைத்தான் செஞ்சிருக்கேன்."

"இத்தனை வருஷமா செய்யலையே?"

"இத்தனை வருஷமா விலகினது எழுத்துல ஆய்வகத்துக்கு வந்து சேரல. இந்தத் தடவை நானே படகுல இருந்தேன்."

அவர் பென்சிலால் அந்தப் பக்கத்தை மெல்லத் தட்டினார். "இது இல்லாம வேற யாராவது கையெழுத்துப் போட முடியுமா?"

"அங்கீகரிக்கப்பட்ட கையெழுத்து என்னுது மட்டும்தான். மாத்தணும்னா விண்ணப்பிக்கலாம். அதுக்கும் செயல்முறை இருக்கு. நான் எடுத்துத் தரட்டுமா?"

தீர்ப்பாயம் கேட்ட நாள் நெருங்கியிருந்தது. அந்தப் பக்கமும் அறிக்கையோடு போயிற்று. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை சபேசன் என்னிடம் வழக்கத்தைவிட மரியாதையாக நடந்துகொண்டார். கடல் வேலை மட்டும் என் மேசைக்கு வரவில்லை. ஏழுமலையைப் போக்குவரத்து நெரிசலில் புகை அளக்க அனுப்பினார்கள். "மாஸ்க் போட்டுகினு சிக்னல்ல நிக்கிறேன் மேடம், சனம் பிச்சை போடுது," என்பார்.

விசாரணையின்போது ஆய்வகத்தின் சார்பில் நானும் இருந்தேன். தீர்ப்பாயத்தின் நிபுணர் உறுப்பினர் அட்டவணையைத் தாண்டி அந்தப் பக்கத்துக்கு வந்தார். நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் கேட்டார்: "ஏன் நகர்ந்தார்கள்?"

"மாதிரி கிடைக்கவில்லை."

"ஏன் கிடைக்கவில்லை?"

வழக்கறிஞர் சபேசனைப் பார்த்தார். சபேசன் கூரையைப் பார்த்தார். அனுமதி ரத்தாயிற்று. வேண்டுமானால் நீருக்கடியில் ஒளிப்படக் கருவி இறக்கி, புதிதாக ஆய்வு செய்து, மீண்டும் மக்களைக் கேட்டுவிட்டு வரலாம் என்று உத்தரவு. செல்வமேரி வெளி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பவாச்சும் பேசலாமா?" என்றார். பேசினோம்.

கட்டுரையை இங்கே நிறுத்தினால் மலர்க் குழு மகிழும். நிறுத்த முடியாது.

பிறகு விதியைத் திருத்தினார்கள். கடலில் ஆய்வுக் கிணறு தோண்டுவது இனி பெரிய காரியமல்ல. கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லாத வகை. நாற்காலி அடுக்கும் சத்தத்தில் வாசிக்கப்பட்ட அந்தக் குறிப்பு எவ்வளவு பெரிய உரிமையாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. பொய்யாக எழுதினார்கள் என்று கோபப்படவாவது ஒரு தாள் இருந்தது. இனி செல்வமேரி பேசினால் திரித்து எழுதக்கூட ஆளில்லை.

நான் ஓய்வு பெற்றுப் பாரிவாக்கத்து அடுக்ககத்தில் குடியேறியிருந்தேன். ஒரு காலை செல்வமேரியின் தொலைபேசி. "அம்மா, மறுபடி வாராக. அதே கிணறு."

நிறுவனம் பழைய விண்ணப்பத்தைக் கைவிட்டுவிட்டு, புதிய வகையில் புதிய விண்ணப்பம் கொடுத்து, அனுமதியும் வாங்கிவிட்டது. வலைத்தளத்தில் ஏற்றியிருந்தார்கள், இறக்கிப் படித்தேன். புதிய ஆய்வு இல்லை. ஒளிப்படக் கருவி இல்லை. கடலடி பற்றிய அத்தியாயத்தில் என் அட்டவணை இருந்தது. நான் எண்ணிய புழுக்கள், நான் எண்ணிய சிப்பிகள், கீழே என் பெயர். விலகல் குறிப்பு இல்லை. 'இப்பகுதி மணற்பாங்கானது என்பதைத் தீர்ப்பாயம் அமைத்த கூட்டுக் குழுவும் உறுதி செய்துள்ளது' என்று ஒரு வாக்கியம். அனுமதியை ரத்து செய்த வழக்கிலிருந்தே அனுமதிக்கான சான்றை எடுத்திருக்கிறார்கள். இந்தத் துணிச்சலுக்கு என்ன பெயர் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் இருக்கும் சொற்கள் அச்சுக்கு ஏற்றவை அல்ல.

சபேசனை அழைத்தேன்.

"வசந்தாம்மா, உங்க டேபிள்ல ஒரு எண்ணைக்கூட நாங்க மாத்தல."

"தெரியும் சார். மாத்தியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்."

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? பேரப் பிள்ளைங்களைப் பாருங்க."

"பேரன் பெங்களூர்ல இருக்கான் சார். அவனுக்கு அவங்க அம்மா இருக்காங்க."

மேல்முறையீட்டுக்குக் கால வரம்பு உண்டு. அதற்குள் தாக்கல் செய்தாயிற்று. முதல் மேல்முறையீட்டாளர் செல்வமேரி. "இந்தத் தடவை பின்னாடி உக்காந்து எழுத வேணாம்மா, கூட நில்லுங்க," என்றார். இரண்டாவது மேல்முறையீட்டாளர் நான்.

முதல் நாளே நிறுவனத்தின் வழக்கறிஞர் என்மீதுதான் பாய்ந்தார். சட்டம் 'பாதிக்கப்பட்ட நபர்' மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. இந்த அம்மாள் பூந்தமல்லி அருகே பாரிவாக்கத்தில் வசிக்கிறார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது ஏரி. தென்கடலில் தோண்டும் கிணற்றால் அவருக்கு என்ன பாதிப்பு, குளியலறையில் எண்ணெய் வருகிறதா என்று கேட்டார். மன்றத்தில் சிரிப்பு. தீர்ப்பாய உறுப்பினர் மட்டும் சிரிக்காமல், எழுத்தில் பதில் தாக்கல் செய்யச் சொன்னார். அதை ஏற்பார்களா, முதல் வாசலிலேயே என்னை வெளியே அனுப்புவார்களா என்பது இதை எழுதும்போது தெரியாது. என்னை அனுப்பிவிட்டால், என் அட்டவணைக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல அந்த வழக்கில் ஆளில்லை. செல்வமேரி தனியாக நின்று கல் என்பார். அவர்கள் என் பெயரைக் காட்டி மணல் என்பார்கள்.

எங்கள் வழக்கறிஞர் நல்ல பிள்ளை. 'பாதிக்கப்பட்ட நபர்' என்பதை எவ்வளவு விரிவாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி வந்தார். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் பத்தியை மட்டும் நானே எழுதினேன். அது கொஞ்சம் காட்டமாக இருக்கிறது, கடைசி வாக்கியத்தையாவது எடுத்துவிடலாம் என்றார். எடுக்கவில்லை. அது இது:

'இரண்டாம் மேல்முறையீட்டாளர் கடலடி உயிர்களை எண்ணும் பணியில் ஆயுளைச் செலவிட்டவர். எதிர்மனுதாரர் தாக்கல் செய்த அட்டவணை அவர் தயாரித்தது. கிணற்றுப் புள்ளியில் கிராப் பாறையில் மோதி வெறுமையாகத் திரும்பியதை அவர் படகில் நின்று கண்டார். அங்கே பவளம் இல்லை என்று இப்போது அவர் பெயரால் சொல்லப்படுகிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை. அது அங்கே இருக்கிறது.'